கொள்ளைநோய்க் காலமும் கூலியோடு விடுப்பும்

(கட்சி உறுப்பினர்களுக்கான பொது சுகாதார வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1918 ஜூன் 10 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் காவல் பணியில் இருந்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது மலேரியா அல்ல என்பதற்கு மேல் மருத்துவர்களால் எதையும் கூற இயலவில்லை. மே மாத இறுதியில் படைவீரர்களை ஏற்றிவந்த கப்பல் ஒன்று அத்துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்தது. சிப்பாய்களைத் தொடர்ந்து கப்பல் நிறுவனத்தின் அலுவலகம், துறைமுகக் கழகம், தந்தி அலுவலகம், நாணயச் சாலை, பஞ்சாலை என்று வேலைத்தலங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நோய் நகருக்குள் பரவிய வழி, உழைப்பாளிகள் வேலைக்குச் சென்று திரும்பிய வழியேதான். ரயில் பாதைகள் அதனை நாடெங்கும் கொண்டு சென்றன.

முதல் அலை அவ்வளவு கொடியதாக இருக்கவில்லை. செப்டம்பரில் எழுந்த இரண்டாவது அலைதான் கொன்றது. அக்டோபர் 6 அன்று ஒரே நாளில் பம்பாயில் 768 பேர் மாண்டனர். நாடு முழுவதும் இறந்தோர் 60 லட்சம் என்று சுகாதார ஆணையர் முதலில் மதிப்பிட்டார். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னர் அது 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியது. பிற்கால ஆய்வாளர்கள் சிலர் 1 கோடியே 70 லட்சம், 80 லட்சம் வரை கணக்கிடுகின்றனர். முதலாம் உலகப் போரில் மடிந்த இந்திய வீரர்கள் சுமார் 74 ஆயிரம் பேர். அவர்களுக்கு டெல்லியில் நினைவு வளைவு எழுப்பப்பட்டது. காய்ச்சலில் மடிந்தவர்களுக்கோ கணக்கெடுப்பு அறிக்கையின் சில பக்கங்களே மிச்சம். 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் இந்தியாவின் மக்கள்தொகை பெருகவில்லை, சற்றுக் குறைந்தது. கணக்கெடுப்பு வரலாற்றில் அவ்வாறு நேர்ந்தது அந்த ஒரு முறைதான்.

வைரசுக்கு வர்க்கமோ சாதியோ தெரியாது என்று ஒவ்வொரு கொள்ளைநோயின்போதும் சொல்லப்படுகிறது. வைரசுக்குத் தெரியாதுதான். பம்பாயின் சாவுக் கணக்குக்குத் தெரிந்திருந்தது. 1918-ல் அந்நகரில் இன்புளுவென்சாவால் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தனர் என்ற விவரம் பிரிவுவாரியாகப் பதிவாகியிருக்கிறது. ஐரோப்பியர்களில் 8.3 பேர், பார்சிகளில் 9 பேர், சாதி இந்துக்களிலும் முஸ்லிம்களிலும் ஏறத்தாழ 19 பேர். ஒடுக்கப்பட்ட சாதியினரில் 61.6 பேர். காற்று ஒன்று, கிருமி ஒன்று, நகரமும் ஒன்று. ஆனால் ஓர் அறைக்குள் எட்டுப் பேர் உறங்கிய குடியிருப்பும், ஒரு வேளை உணவும், மருத்துவரைக் காணாத தெருவும் ஒரு பிரிவினருக்கே வாய்த்திருந்தன. பெண்கள் ஆண்களைவிட அதிகமாக இறந்தனர் என்பதும் அன்றைய அறிக்கைகளில் உள்ளது. நோயாளியைக் கவனித்தவர்கள் அவர்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர்களும் அவர்களே.

அந்த ஆண்டு பருவமழை பொய்த்திருந்தது. போரினால் தானியத்தின் விலை ஏறியிருந்தது. மருத்துவர்களில் பலர் போர்ப் பணிக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். நிவாரணப் பணியின் பெரும்பகுதியைத் தொண்டு அமைப்புகளும் சமூகச் சங்கங்களுமே மேற்கொண்டன. காய்ச்சல் தணிந்த சில வாரங்களில், 1919 ஜனவரியில், பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். விலைவாசிக்கு ஈடான கூலியே அவர்களது மையக் கோரிக்கை. ஏஐடியுசி உதயமாவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு இது. இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் வரலாற்றைப் பயிலும் தோழர்கள் அந்த வேலைநிறுத்தத்தை அறிவர். அதில் நின்றவர்களின் வீடுகளில் மூன்று மாதங்களுக்கு முன்புதான் சாவு விழுந்திருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

புரட்சி நடந்த நாட்டையும் இந்நோய் விடவில்லை. சோவியத் அதிகாரத்தின் முதன்மைத் தலைவர்களில் ஒருவரான யாகோவ் ஸ்வெர்ட்லோவ் 1919 மார்ச் 16 அன்று இதற்குப் பலியானார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில்தான் உள்நாட்டுப் போருக்கும் பட்டினிக்கும் நடுவே செமாஷ்கோவின் தலைமையில் சுகாதாரத்துக்கான மக்கள் ஆணையம் அமைக்கப்பட்டிருந்தது.

இனி நோயைப் பற்றி. 1918-ல் மருத்துவர்களுக்குக் கிருமி எதுவெனத் தெரியாது. பாக்டீரியா ஒன்றைக் குற்றவாளியாகக் கருதினர். மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரஸ் 1933-ல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக உள்ளது. சிறுசிறு பிழைகளால் வைரஸ் ஆண்டுதோறும் சற்றே மாறுகிறது. சென்ற ஆண்டின் தடுப்பூசி இவ்வாண்டு முழுப் பயன் தராமல் போவதற்குக் காரணம் இதுவே. இரு வேறு வைரஸ்கள் ஒரே பன்றியையோ பறவையையோ தொற்றும்போது இந்த எட்டுத் துண்டுகளும் சீட்டுக்கட்டைப் போலக் கலைந்து சேர்வதுண்டு. அவ்வாறு யாருடைய உடலும் அறிந்திராத புதிய வைரஸ் பிறந்தால் உலகப் பெருந்தொற்று தோன்றுகிறது. 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் உலகம் இதைக் கண்டது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த பயணிகள் கப்பல் வழியாகவே அன்றைய 'ஆசியக் காய்ச்சல்' இந்தியாவுக்குள் நுழைந்தது. 1958 பிப்ரவரி வரை 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு சொல்கிறது. கணக்கில் வராத சாவுகளைப் பற்றிக் கணக்கு எதுவும் சொல்லாது.

கட்டுப்படுத்துதல் என்ற சொல்லைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது. தொற்றிய ஒருவரிடம் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் அறிகுறி தோன்றுகிறது. ஆனால் அதற்கு ஒரு நாள் முன்பே அவர் பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவ ஏறத்தாழ மூன்று நாட்களே ஆகின்றன. எனவே, யார் யாரைச் சந்தித்தார் என்று பட்டியலிட்டுத் தேடிப் பிடிக்கும் முறை ஓரிரு வாரங்களுக்கு மேல் பலிப்பதில்லை. பட்டியல் முடியும் முன்பே அதிலுள்ளவர்கள் அடுத்த பட்டியலுக்கு ஆளனுப்பி விடுகிறார்கள். 2009-ல் விமான நிலையங்களில் வெப்பமானிக் கருவிகளோடு அதிகாரிகள் நின்றனர். தொலைக்காட்சிக்கு அது நல்ல காட்சி. காய்ச்சல் தோன்றாத பயணி எந்தத் தடையுமின்றிக் கடந்து போனார்.

ஆனால் இதே நோயில் நம்பிக்கை தரும் ஒரு கணக்கும் உண்டு. தட்டம்மை நோயாளி ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்கு மேல் தொற்றும். இன்புளுவென்சாவில் அது சராசரியாக ஒன்றரைப் பேர் அளவில்தான். அதாவது, நிகழும் தொற்றுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தடுத்துவிட்டால் நோய் பெருகாமல் தேங்கி நிற்கும். இதற்கு ஊரடங்கு தேவையில்லை. காய்ச்சல் கண்டவர்கள் ஐந்து முதல் ஏழு நாட்கள் வீட்டில் தங்குவது, இருமும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வது, கைகளைக் கழுவுவது, கூட்டமான இடங்களில் முகக்கவசம், சன்னல் திறந்த வகுப்பறை, வேகம் மிகும் வாரங்களில் பெருந்திரளான நிகழ்ச்சிகளைத் தள்ளிவைப்பது ஆகியவை ஒன்றுசேர்ந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு எட்டக்கூடியதே. 1918 செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் போர்க் கடன் பத்திரங்களுக்கான ஊர்வலத்தை ரத்து செய்ய மறுத்தது. சுமார் 2 லட்சம் பேர் தெருவில் திரண்டனர். சில நாட்களில் மருத்துவமனைகளில் இடமில்லை. செயின்ட் லூயிஸ் நகரம் பள்ளிகளையும் திரையரங்குகளையும் தொடக்கத்திலேயே மூடியது. அங்கு சாவின் உச்சம் பிலடெல்பியாவில் கண்டதில் ஒரு சிறு பகுதியாகவே இருந்தது.

இங்குதான் அறிவுரை முடிந்து அரசியல் தொடங்குகிறது. 'காய்ச்சல் கண்டவர் ஒரு வாரம் வீட்டில் தங்குக' என்பது சுகாதாரத் துறையின் எல்லாச் சுவரொட்டிகளிலும் உள்ள வாசகம். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு மருத்துவச் சான்றிதழ். கட்டடத் தொழிலாளிக்கும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் அது ஏழு நாள் கூலி. இஎஸ்ஐ திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கிறது. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் இந்தியாவின் உழைப்பாளிகளில் பத்தில் ஒன்பது பேர் முறைசாராத் துறையில் உள்ளனர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த உரிமை கிடையாது. ஆகவே அவர்கள் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, காய்ச்சல் தணிந்த நான்கு மணி நேரத்தில் பேருந்தில் ஏறுகிறார்கள். அவர்களை அறியாமையில் மூழ்கியவர்கள் என்று ஏசுவோர் உண்டு. அடுப்பெரிய வேண்டும் என்பது அறியாமை ஆகாது. கூலியோடு கூடிய நோய்க்கால விடுப்பு என்பது தொழிற்சங்கக் கோரிக்கை மட்டுமன்று, அது தொற்றைத் தடுக்கும் மருந்துமாகும். தடுப்பூசியும் மாத்திரையும் கைக்கு வந்து சேரும் முன்பே தரக்கூடிய மருந்தும் அதுவே.

2020-ல் இதன் மறுபக்கத்தை நாடு பார்த்தது. மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கூலியும் உணவும் இன்றி நகரங்களில் கைவிடப்பட்ட இடம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தனர். அதே நாட்களில் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு, உள்ளாட்சிகளையும் குடும்பஸ்ரீ பெண்களையும் கொண்டு சமூகச் சமையலறைகளைத் திறந்தது. வீட்டில் இருக்கச் சொன்னவர்களுக்கு வீட்டுக்கே சோறு போனது. அது கொரோனா, இது இன்புளுவென்சா, நோய்கள் வேறு. ஆனால் வீட்டில் இருக்கச் சொல்லும் அரசு எதைக் கையில் கொண்டு சொல்கிறது என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றே.

வெள்ளையர் ஆட்சி கையில் கொண்டது சட்டத்தை. பம்பாயில் 1896-ல் பிளேக் தோன்றியதும் 1897-ல் கொள்ளைநோய்கள் சட்டம் இயற்றப்பட்டது. நான்கே பிரிவுகள். அதிகாரிகளுக்கு வரம்பற்ற அதிகாரம், மீறுவோருக்குத் தண்டனை, நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பு. நோயாளிக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பது குறித்து ஒரு வரியும் இல்லை. பூனாவில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். மக்கள் நோயாளிகளை மறைத்தனர். ஆத்திரம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் கொரோனா காலத்தில் ஆட்சியாளர்கள் கையில் எடுத்தது அதே சட்டத்தைத்தான்.

பறவைக் காய்ச்சலிலும் இதே பாடம் கிடைத்தது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் நவாப்பூரில் கோழிகளிடையே எச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. சுற்றிலும் உள்ள பண்ணைகளில் கோழிகளை அழிப்பதே ஒரே வழி. நியாயமான இழப்பீடு உடனே கிடைக்கும் என்று நம்பும் விவசாயி செத்த கோழியைப் பற்றித் தகவல் தருவார். நம்பாதவர் மிச்சமுள்ளதை இரவோடு இரவாகச் சந்தைக்கு அனுப்புவார். நான்கு கோழிகளை வைத்திருக்கும் ஆதிவாசிப் பெண்ணுக்கு அது சேமிப்பு முழுவதும்.

2009-க்கு வருவோம். உலக சுகாதார அமைப்பு ஜூன் 11 அன்று பெருந்தொற்றை அறிவித்தது. இந்தியாவில் முதல் நோயாளி மே மாதம் ஐதராபாத்தில் கண்டறியப்பட்டார். முதல் உயிரிழப்பு ஆகஸ்ட் 3 அன்று பூனாவில், பதினான்கு வயதுப் பள்ளி மாணவி. அதன் பின்னர் அந்நகரில் பரிசோதனை மையங்களின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். நோய் இல்லாதவரும் நோயாளியும் ஒரே வரிசையில். தொடக்கத்தில் நாடு முழுமைக்கும் பூனாவின் தேசிய வைரஸ் ஆய்வுக்கூடத்தையும் டெல்லியின் தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தையுமே நம்பியிருக்க வேண்டிய நிலை. இரண்டும் அரசு நிறுவனங்கள் என்பதைக் குறித்துக்கொள்ளலாம். நெருக்கடி வரும்போது எல்லாரும் தேடுவது அரசு நிறுவனத்தைத்தான்.

அரசின் கணக்குப்படி 2009-ல் 981 பேரும், 2010-ல் 1,763 பேரும் இறந்தனர். பெருந்தொற்று முடிந்தது என 2010 ஆகஸ்ட் 10 அன்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. ஊடகங்களும் அத்துடன் முடித்துக்கொண்டன. 2015-ல் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஏறத்தாழ 2,990 பேர் இறந்தபோது அது புதிய செய்தியாயிற்று. ராஜஸ்தானும் குஜராத்தும் மோசமாகப் பாதிக்கப்பட்டன. டெல்லியில் தனியார் ஆய்வகங்கள் ஒரு பரிசோதனைக்கு வசூலித்த தொகையைக் கட்டுப்படுத்த அரசு நிர்ணயித்த உச்சவரம்பு 4,500 ரூபாய். கட்டுப்படுத்திய பின் உள்ள விலை அது! உலக அளவில் 2009-ல் ஆய்வகத்தில் உறுதியான சாவுகள் 18,500 அளவில் இருக்க, உண்மையில் 1.5 லட்சம் முதல் 5.75 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் எனப் பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்.

மருந்தைப் பற்றியும் மிகையின்றிப் பேச வேண்டும். ஓசல்டாமிவிர் மாத்திரையை ரோஷ் நிறுவனம் டாமிபுளூ என்ற பெயரில் உலகெங்கும் விற்றது. பணக்கார நாடுகள் அதனை மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் அடுக்கின. இந்தியாவில் அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 2009-ல் நிராகரிக்கப்பட்டது. இந்திய நிறுவனங்களால் மலிவாகத் தயாரிக்க முடிந்தது. 1970-ன் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் வளர்ந்த மருந்துத் தொழில் இல்லையெனில் இது நடந்திருக்காது. எனினும் அது மாயமருந்து அல்ல. பெரியவர்களுக்கு நோயின் நாட்களை அது ஒரு நாளுக்கும் குறைவாகவே சுருக்குகிறது என்று 2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வு காட்டியது. கருவுற்ற பெண்கள், முதியோர், சிறு குழந்தைகள், நீரிழிவு, இதயம், நுரையீரல், சிறுநீரக நோயுள்ளோர் ஆகியோருக்கு, முதல் 48 மணி நேரத்துக்குள் தரும்போதுதான் அதன் பயன் மிகுதி. அந்த 48 மணி நேரத்தில் ஒருவர் மருத்துவரைச் சென்றடைய முடிகிறதா என்பதே கேள்வி.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் நோயாளிகளை மூவகையாகப் பிரிக்கிறது. சாதாரணக் காய்ச்சல், இருமல், உடல்வலி உள்ளோர் முதல் வகை. இவர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஓசல்டாமிவிரும் வேண்டாம். ஓய்வும் நீராகாரமும், இரண்டு நாள் கண்காணிப்பும் போதும். கடும் காய்ச்சல் உள்ளோரும் மேற்சொன்ன ஆபத்துப் பிரிவினரும் இரண்டாம் வகை. இவர்களுக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மாத்திரை தரலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் இரத்தம், நகம் நீலம் பாரித்தல், குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல் ஆகியவை மூன்றாம் வகை. இவர்களை ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்யா; பாக்டீரியாத் தொற்று சேர்ந்துகொண்டால் மட்டுமே அவற்றுக்கு வேலை. இந்த விவரம் ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்காவது மனப்பாடமாக இருக்க வேண்டும். பூனாவின் அந்த வரிசைகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் முதல் வகையினர்.

தடுப்பூசியின் கதை தனியே சொல்லத் தக்கது. உலக சுகாதார அமைப்பின் கண்காணிப்பு வலைப்பின்னல் 1952 முதல் பல நாடுகளிலிருந்தும் வைரஸ் மாதிரிகளைத் திரட்டுகிறது. அவற்றைக் கொண்டு தடுப்பூசி தயாரிப்பவை பன்னாட்டு நிறுவனங்கள். 2007-ல் இந்தோனேசியா எழுந்து நின்றது. தன் மக்களின் உடலிலிருந்து எடுத்த பறவைக் காய்ச்சல் மாதிரிகளை இலவசமாகப் பெற்று, அதிலிருந்து செய்த ஊசியைத் தனக்கே வாங்க முடியாத விலையில் விற்பது என்ன நியாயம் என்று கேட்டது. மாதிரிகளைத் தர மறுத்தது. சுகாதார அமைச்சர் சித்தி பாடிலா சுபாரி மேலை ஊடகங்களில் பொறுப்பற்றவராகச் சித்தரிக்கப்பட்டார். நான்கு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2011 மே மாதத்தில், பெருந்தொற்றுக் காலத் தடுப்பூசியிலும் மருந்திலும் ஒரு பங்கை நிறுவனங்கள் ஒதுக்க வேண்டும் என்ற உலக உடன்பாடு உருவாயிற்று. போதுமானதல்ல, ஆனால் அந்த மறுப்பு இல்லையேல் அதுவும் இல்லை.

இந்தியாவோ அந்நேரத்தில் எதிர்த்திசையில் சென்றது. கசௌலியின் மத்திய ஆராய்ச்சி நிறுவனம், குன்னூர் பாஸ்டியர் நிறுவனம், சென்னை கிண்டியின் பிசிஜி ஆய்வகம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உரிமம் 2008 ஜனவரியில் முடக்கப்பட்டது. தரக்குறைபாடு என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. கட்டடத்தையும் கருவிகளையும் பல்லாண்டுகள் புதுப்பிக்காமல் விட்டுவிட்டுத் தரமில்லை என்று பூட்டுவது பொதுத்துறையில் பழகிய தந்திரம். இடதுசாரிகளும் மருத்துவர்களும் எதிர்ப்பு தெரிவித்தனர். 2010-ல் உரிமம் திரும்பியது. இடையில் 2009-ன் பெருந்தொற்று வந்து போயிற்று. சுகாதாரப் பணியாளர்களுக்கான தடுப்பூசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

சுகாதாரத்துக்கு 2025-க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீதம் ஒதுக்கப்படும் என 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. அந்த வாக்கு என்னவாயிற்று என்பதை ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையும் சொல்லிவருகிறது. வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கணக்கெடுக்கும் ஆஷா ஊழியர் நாடெங்கும் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டுமென 2013-ன் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. இன்றும் அவர்கள் 'தன்னார்வலர்கள்'. நோயாளியின் வீட்டுக்குள் முதலில் நுழைபவருக்கு ஊதியமில்லை, ஊக்கத்தொகை மட்டுமே.

இந்தியாவின் பெரும்பகுதியில் இன்புளுவென்சா இரண்டு முறை தலைதூக்குகிறது: மழைக்காலத்தில் ஒரு முறை, ஜனவரி முதல் மார்ச் வரை மறுமுறை. காஷ்மீர் போன்ற வடக்குப் பகுதிகளில் குளிர்காலமே முதன்மை. மழைக்கால அலைக்குமுன் பயன் தர வேண்டுமாயின் ஏப்ரல், மே மாதங்களில் ஊசி போடப்பட வேண்டும். ஆகவே கிளைகளின் வேலை கோடையிலேயே தொடங்குகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி இயங்குகிறதா, ஆக்சிஜன் உருளை நிரம்பியுள்ளதா, குழந்தைகளுக்கான ஓசல்டாமிவிர் மருந்து இருப்பில் உள்ளதா, மருத்துவர் பணியிடம் எத்தனை மாதமாகக் காலி, செயற்கைச் சுவாசக் கருவி உள்ள அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம், கருவுற்ற பெண்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஆஷா ஊழியர்களுக்கும் ஊசி ஒதுக்கப்பட்டுள்ளதா என்பனவற்றை நேரில் சென்று கேட்டு எழுதி, வட்டார மருத்துவ அலுவலரிடம் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் வாங்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 அளவில் கேரளத்தைத் தொடுகிறது. மே மாதம் முடிவதற்குள் இந்த மனுக்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.